எந்த ஏழாம் மாதம்?

பத்து மாதம் சுமந்து பெற்றதாகத் தாய்மார் சொல்கிறார்கள். ஆங்கிலம் படித்தவர்கள் ஒன்பது மாதம் என்கிறார்கள். ஆஸ்பத்திரி அட்டையில் இருப்பதோ நாற்பது வாரம். மூவரும் ஒரே கர்ப்பத்தைத்தான் எண்ணுகிறார்கள். எண்ணத் தொடங்கும் இடமும் மாதத்தின் நீளமும்தான் வேறு. இருபத்தெட்டு நாளை ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டால் பத்து மாதம் 280 நாள், சரியாக நாற்பது வாரம். அந்த வகையில் பாட்டிமார் கணக்கில் பிசகு இல்லை. சுவரில் தொங்கும் காலண்டரின் மாதங்களில் பத்தை எண்ணினாலோ 304 நாள் வந்துவிடும். அத்தனை நாள் எந்த மருத்துவரும் காத்திருக்க மாட்டார். ‘மாதம்’ என்று சொல்லும்போது எந்த மாதத்தைச் சொல்கிறோம் என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

கர்ப்பத்துக்குக் கிராமத்தில் இன்னும் புழங்கும் சொல் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பது. மாதவிடாய் முடிந்து தலைக்குக் குளிக்கும் முழுக்கு நின்றுபோனதைக் கொண்டு கர்ப்பத்தை எண்ணும் முறை அது. கணிப்புக்கு அருமையான அடையாளம்தான். ஆனால் மருத்துவர் தம் கணக்கைத் தொடங்குவது கடைசியாக வந்த மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. கரு தரிப்பதற்கே இரண்டு வாரம் இருக்கும்போது கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. நாள் தள்ளிப்போனது தெரியும் அன்றைக்கே அவர் கணக்கில் நான்கு வாரம் ஆகிவிட்டது. ‘நாள் தள்ளி ரெண்டு மாசம்’ என்று ஒரு பெண் சொன்னால் அட்டையில் பன்னிரண்டு, பதின்மூன்று வாரம் என்று எழுத வேண்டியிருக்கும். இதோடு இன்னொரு சிக்கல்: ‘ஏழாம் மாசம் நடக்குது’ என்பதும் ‘ஏழு மாசம் ஆச்சு’ என்பதும் வீட்டுப் பேச்சில் ஒன்றுபோல ஒலிக்கின்றன. இடையில் ஒரு முழு மாதம் இருக்கிறது.

கேரளத்தின் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சி போகும் பாதையில் இருக்கும் எலப்புள்ளி, 2025-இல் மதுபான ஆலை எதிர்ப்பால் செய்தித்தாள்களில் அடிபட்ட ஊர். இந்தக் குழப்பத்தைப் பார்க்க அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. இங்கே மலையாளக் காலண்டர் மாட்டிய வீடும் உண்டு, தமிழ் நாட்காட்டி மாட்டிய வீடும் உண்டு, இரண்டும் மாட்டிய வீடும் உண்டு. ஒன்றில் மேடம் என்றிருக்கும் மாதம் இன்னொன்றில் சித்திரை, ஆவணி சிங்கமாகிறது. பெயரில்தான் வேறுபாடு, இரண்டும் சூரிய மாதமே. ஆனால் மாதப் பிறப்பைக் கணிக்கும் விதி இரு பக்கமும் வேறு என்பதால் சில மாதங்கள் ஒரு நாள் முன்பின்னாகத் தொடங்கும். ஆனியும் ஆடியும் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு நாள் வரை நீளும். மார்கழி பெரும்பாலும் இருபத்தொன்பதில் முடிந்துவிடும். இதற்கு மேல் ஆங்கில மாதம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பது ஏழாம் மாதமா ஒன்பதாம் மாதமா என்பது சாதிக்குச் சாதி, வீட்டுக்கு வீடு மாறும். வளைகாப்பும் கட்டுச்சோறும் மலையாளிகளின் புளிகுடிச் சடங்கும் அடுத்தடுத்த வீடுகளில் நடக்கும் ஊரில், ‘ஏழாம் மாதம்’ என்று எல்லாரும் சொல்வது ஒரே காலத்தைத்தானா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைசி மாதவிடாயிலிருந்து, இருபத்தெட்டு நாள் மாதமாக எண்ணினால் ஏழாம் மாதம் என்பது 24 வாரம் முடிந்ததும் தொடங்கி 28-இல் முடிகிறது. நாள் தள்ளிய தேதியிலிருந்து, காலண்டர் மாதமாக எண்ணினால் அதே ஏழாம் மாதம் 30 வாரத்துக்கு மேல் தொடங்கி 34 வாரத்தைத் தாண்டிப் போகிறது. ஆக, ஒரு சொல்லுக்குள் பத்து வாரம் அடங்கிக் கிடக்கிறது. இருபத்துநான்கு வாரத்தில் பிறக்கும் குழந்தை ஒரு கிலோவுக்கும் குறைவாக, நுரையீரல் விரியாமல், பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடும். முப்பத்துநான்கில் பிறக்கும் குழந்தை பெரும்பாலும் சில நாள் கதகதப்பும் கவனிப்பும் கிடைத்தால் தேறிவிடும். இவ்விரண்டையும் ‘ஏழாம் மாசத்துக் குழந்தை’ என்று ஒரே பெயரால் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது என்ற பழைய நம்பிக்கைக்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கருப்பையில் கூடுதலாக நான்கு வாரம் வளர்ந்த குழந்தைக்குப் பிழைக்கும் வாய்ப்புக் குறைவது உடலியலுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு வாரமும் வாய்ப்பு கூடத்தான் செய்கிறது. ஆனால் ‘ஏழாம் மாதம்’ என்று சொல்லப்பட்டவற்றில் பல உண்மையில் எட்டும் ஒன்பதும் கடந்தவையாக இருந்தால், அந்தக் குழந்தைகள் பிழைத்ததில் வியப்பில்லை. கல்யாணமாகி ஏழே மாதத்தில் மூன்று கிலோ எடையுடன் பிறந்த குழந்தைகளும் இந்தப் பட்டியலில் உண்டு. அவற்றைப் பற்றி ஊர் அதிகம் பேசுவதில்லை.

மருத்துவத்தின் கணக்காவது சுத்தமா என்றால், அதுவும் நாம் நினைக்கும் அளவுக்குச் சுத்தமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் பேறுகால மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் நேகலே பெயரால் வழங்கும் விதியைத்தான் இன்றும் வெளிநோயாளர் பிரிவில் விரல்விட்டு எண்ணுகிறார்கள்: கடைசி மாதவிடாய்த் தேதியோடு ஏழு நாளைக் கூட்டு, மூன்று மாதம் பின்னால் போ. அந்த ஏழு நாளை மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து கூட்டுவதா, முடிந்த நாளிலிருந்தா என்பது மூலத்தில் தெளிவாக இல்லை. பின்னால் வந்த பாடநூல்கள் முதல் நாள் என்று வைத்துக்கொண்டன. விதியின் முடிவும் மாதத்துக்கு மாதம் ஆடுகிறது. கடைசி மாதவிடாய் 2025 ஜனவரி 10 என்றால் விதிப்படி அக்டோபர் 17 வரும். 280 நாளை எண்ணினாலும் அதே அக்டோபர் 17. மே 10 என்றால் விதி பிப்ரவரி 17 என்கிறது, 280 நாளோ பிப்ரவரி 14-இலேயே முடிந்துவிடுகிறது. இதற்கும் மேலாக, எல்லாப் பெண்ணுக்கும் இருபத்தெட்டு நாளைக்கு ஒருமுறை மாதவிடாய் வரும், பதினான்காம் நாள் சினைமுட்டை வெளிப்படும் என்று இந்த விதி நம்புகிறது. முப்பத்தைந்து நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு அது ஒரு வாரம் முன்னதாகவே தேதி கொடுத்துவிடும்.

தொடக்கத்தைத் துல்லியமாகப் பிடித்தாலும் முடிவு பிடிபடுவதில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இயல்பாகக் கருவுற்ற 125 கர்ப்பங்களில் சினைமுட்டை வெளிப்பட்ட நாளைச் சிறுநீரில் உள்ள ஹார்மோனை வைத்துக் கண்டறிந்து, அங்கிருந்து பிரசவம் வரை எண்ணியது. நடுமதிப்பு 268 நாள். குறைமாதப் பிரசவங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தபோதும் மிகக் குறைந்த கர்ப்பத்துக்கும் மிக நீண்ட கர்ப்பத்துக்கும் இடையில் 37 நாள் வித்தியாசம் இருந்தது. குறித்துக் கொடுத்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். ஆகவே ‘டாக்டர் டேட் குடுத்திருக்கார்’ என்பதைப் பேருந்து நேரம்போல எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தேதிக்கு மூன்று வாரம் முன்பிருந்து இரண்டு வாரம் பின்பு வரை விரிந்த ஒரு காலப்பரப்பின் உள்ளே இருக்கும் ஒரு புள்ளி அது. பயன்படுவது புள்ளி இல்லை, இன்றைக்கு எத்தனையாவது வாரம் என்ற எண்.

அந்த எண்ணை எப்போது நிலைநிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் மூன்று மாதங்களில், பதினான்கு வாரம் நிறையும் முன்பு எடுக்கும் ஸ்கேனில் கருவின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை நீளத்தை அளக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் கோடீஸ்வரர் வீட்டுக் கருவும் கூலிக்காரர் வீட்டுக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. அதனால் பிழை ஐந்து முதல் ஏழு நாளுக்குள் நிற்கிறது. இருபது வாரத்துக்குப் பிறகு தாயின் சாப்பாடு, இரத்தசோகை, இரத்த அழுத்தம், பரம்பரை எல்லாம் சேர்ந்து குழந்தையின் அளவை மாற்றத் தொடங்குகின்றன. இருபத்தெட்டு வாரத்துக்கு மேல் எடுக்கும் ஸ்கேன் சொல்லும் வயதில் மூன்று, நான்கு வாரம்கூடப் பிழை வரலாம். காரணம், இயந்திரத்துக்கு வயது தெரியாது. இந்த அளவுள்ள குழந்தைக்குச் சராசரியாக என்ன வயது இருக்கும் என்று மட்டும்தான் அது சொல்கிறது. ஒன்பதாவது வாரத்து ஸ்கேன் அக்டோபர் 17 என்று சொன்னதை முப்பத்துநான்காவது வாரத்து ஸ்கேன் நவம்பர் 5 என்று மாற்றிச் சொன்னால், ‘தேதி தள்ளிப்போச்சு’ என்று வீட்டில் நிம்மதியாகிவிடுகிறார்கள். தள்ளிப்போனது தேதியாக இல்லாமல், குழந்தை வளராமல் நின்றிருக்கலாம். கணக்கை மாற்றி எழுதிவிட்டால் அந்த எச்சரிக்கை மறைந்துபோகும். முதல் ஸ்கேன் தேதியை அடித்துத் திருத்தக் கூடாது என்ற விதியைப் படித்த குடும்பங்கள்கூட அறிந்திருப்பதில்லை; சில ஸ்கேன் மையங்களின் அறிக்கைகளே புதுத் தேதியை முதல் வரியில் அச்சடித்துக் கொடுக்கின்றன.

முதல் ஸ்கேனுக்கே தாமதமாக வருபவர்களை அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. அளவிலிருந்து வயதைக் கணிக்க ஸ்கேன் இயந்திரங்களில் பொதிந்திருக்கும் ஹேட்லாக் சூத்திரம் அமெரிக்கக் கர்ப்பிணிகளை அளந்து 1980-களில் உருவானது. இந்தியக் குழந்தைக்கு அது சரிவருமா என்ற கேள்விக்கு, சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரீதாபாத்தில் உள்ள மத்திய அரசின் டி.எச்.எஸ்.டி.ஐ. ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2024 பிப்ரவரியில் ‘கர்பிணி-ஜிஏ2’ என்ற கணிப்பு முறையை வெளியிட்டன. குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளின் அளவுகளைக் கொண்டு செய்யப்பட்ட அது, பிந்தைய மாதங்களின் கணிப்புப் பிழையை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பதாக அவர்கள் காட்டியிருக்கிறார்கள். நல்ல வேலை. இருந்தாலும் முதல் மூன்று மாதத்து ஸ்கேனுக்கு அது மாற்றாகாது.

ஒரு வாரம் இரண்டு வாரம் தவறினால் என்ன குடி முழுகிவிடும் என்பவர்களுக்கு இரண்டு பெரிய ஆய்வுகளைக் காட்டலாம். குறைமாதத்தில் வலி வந்துவிட்டால் குழந்தையின் நுரையீரலை முன்கூட்டியே பக்குவப்படுத்தத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். 24 முதல் 34 வாரம் வரை இதைக் கிராமச் செவிலியரே முதல் ஊசியாகப் போட்டு அனுப்பலாம் என்று இந்திய அரசு 2014-இல் வழிகாட்டியது. 2015-இல் வெளியான ஆய்வு, இந்தியா உட்பட ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்தது. எடை மிகக் குறைந்து பிறந்த குழந்தைகளின் சாவு குறையவில்லை. மொத்தப் பச்சிளங்குழந்தைச் சாவு சற்றுக் கூடியே போனது, தாய்மாருக்குத் தொற்றும் கூடியது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் குறைமாதக்காரர்களே இல்லை. 2020-இல் வெளியான இன்னோர் ஆய்வில் உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில் 2,852 பெண்களிடம் அதே மருந்தைச் சோதித்தது. இம்முறை வாரக் கணக்கு ஸ்கேன் மூலம் உறுதிசெய்யப்பட்டிருந்தது. பச்சிளங்குழந்தைச் சாவு நூற்றுக்கு 23.5-இலிருந்து 19.6-ஆகக் குறைந்தது, நன்மை தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இரண்டாவது ஆய்வு நடந்த மருத்துவமனைகளில் மற்ற வசதிகளும் நன்றாக இருந்தன என்பதை மறைக்க வேண்டாம். ஆனாலும் ஒரே ஊசி ஓரிடத்தில் தீங்காகவும் இன்னோரிடத்தில் உயிராகவும் ஆனதில் வாரக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

பாட்டி காலத்தில் யார் ஸ்கேன் எடுத்தார்கள் என்ற கேள்வி அடுத்து வரும். எடுக்கவில்லைதான். வயிற்றைத் தொட்டுப் பார்த்தே மருத்துவச்சி சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. அவர் பார்த்த அடையாளங்களை இன்றைய செவிலியரும் கைவிட்டுவிடவில்லை: இருபதாம் வாரத்தில் கருப்பையின் மேல்விளிம்பு தொப்புளை எட்டும், முப்பத்தாறில் நெஞ்சுக்குழி வரை ஏறும், அப்புறம் தலை இறங்க வயிறும் இறங்கும். இன்ச் டேப்பை அடிவயிற்று எலும்பிலிருந்து மேல்விளிம்பு வரை வைத்தால் நடுமாதங்களில் சென்டிமீட்டரும் வாரமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். முதல் கர்ப்பத்தில் குழந்தையின் துள்ளல் 18 முதல் 20 வாரத்தில் தெரியும், அடுத்ததில் ஓரிரு வாரம் முந்தும். இவையெல்லாம் கணக்கைச் சரிபார்க்க உதவும் சாட்சிகள். சுமுகமாக முடியும் பிரசவத்துக்குச் சாட்சியே போதும். சிக்கலாகும் பிரசவத்துக்குத்தான் கணக்கு வேண்டியிருக்கிறது, எது சிக்கலாகும் என்று முன்னால் தெரிவதில்லை. சராசரி நன்றாக இருப்பதும் காப்பாகாது: 2023-இல் ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் இந்தியாவில் 25, கேரளத்தில் 5. அதே கேரளத்தில், எலப்புள்ளி இருக்கும் அதே பாலக்காடு மாவட்டத்தில், அட்டப்பாடியின் ஆதிவாசிக் குடியிருப்புகளில் 2013-இல் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்தன. தாய்மாரின் இரத்தசோகையும் குழந்தைகளின் எடைக்குறைவும் அப்போது பேசப்பட்டன. எடை குறைந்த குழந்தை குறைமாதத்தில் பிறந்ததா, மாதம் நிறைந்தும் வளராமல் போனதா என்று பிரித்தறிய வாரக் கணக்கு இல்லாமல் முடியாது. சிகிச்சையும் தடுப்பும் இரண்டுக்கும் வேறு வேறு.

எனக்குக் கனமாகப் படுவது எதிர்ப்பக்கத்து வாதம். தேதி என்ற ஒன்றைக் கொடுத்தால் அது கெடுவாக மாறி, கெடு முடிந்ததும் கத்தி எடுத்துவிடுகிறார்கள் என்கிறார்கள். அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது: ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி அறுவைப் பிரசவம் நாடு முழுக்க நூற்றுக்கு 21.5, கேரளத்தில் 38.9, தமிழ்நாட்டில் 44.9. எல்லைக்கு இந்தப் பக்கம் பெற்றாலும் அந்தப் பக்கம் பெற்றாலும் கத்தி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் பிழையான தேதிதான் தேவையற்ற அவசரத்தை அதிகம் உண்டாக்குகிறது. நாள் கடந்துவிட்டதாக நினைத்து மருந்து வைத்து வலி வரவழைப்பது, தொடக்க ஸ்கேன் எடுத்தவர்களிடம் குறைகிறது என்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் உறுதியாகியிருக்கிறது. நட்சத்திரம் பார்த்து நாள் குறிக்கும் வழக்கமும் இங்கே உண்டு. ‘முப்பத்தேழு வாரம் ஆச்சு, இனி எப்ப வேணாலும் எடுக்கலாம்’ என்று ஜோசியருக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2013-இல் நிறைமாதம் என்ற சொல்லையே உடைத்து, 37, 38-ஆம் வாரங்களை முன்நிறைமாதம் என்றும் 39, 40-ஐ மட்டும் முழு நிறைமாதம் என்றும் பிரித்தது; முன்னதில் பிறக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத் தொல்லை கூடுதலாக வருவதே காரணம். முப்பத்தேழு என்று நம்பிய கணக்கில் இரண்டு வாரப் பிழை இருந்தால், நல்ல நேரத்தில் எடுக்கப்பட்டது முப்பத்தைந்து வாரத்துக் குழந்தை. ஜாதகம் நன்றாக இருக்கும்.

இனி அட்டைக்கு வருவோம். எலப்புள்ளியில் கர்ப்பம் பதிவாகிறது. பிந்தைய மாதங்களில் பெண் கிணத்துக்கடவுக்கோ பொள்ளாச்சிக்கோ தாய்வீடு போகிறாள். அங்கே தமிழ்நாட்டின் கர்ப்பப் பதிவேடான பிக்மியில் பதிவும் ஆர்.சி.எச். எண்ணும் கேட்கிறார்கள். இரண்டு மாநிலத்துக் கோப்புகள், கையில் ஒரு அட்டை. இந்தப் பகுதியில் மலையாளம் சரளமாகப் பேசினாலும் எழுத்துக் கூட்டிப் படிக்க வராத தமிழ்ப் பெண்கள் நிறைய. பொள்ளாச்சிப் பக்கத்துச் செவிலியருக்கு மலையாள எழுத்து இன்னும் தூரம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு கொள்ள வழிசெய்திருக்கிறது. மனு எழுத உள்ள அந்த உரிமை வயிற்றுப் பிள்ளையின் கணக்குக்கும் நீள வேண்டாமா? பெரிதாக ஒன்றும் வேண்டாம். முதல் ஸ்கேன் எடுத்த தேதி, அன்றைக்கு எத்தனை வாரம் எத்தனை நாள், இந்தக் கணக்கை மாற்ற வேண்டாம் என்ற குறிப்பு: மூன்று வரி, இரு மொழியில், அட்டையின் முகப்பில். எண்கள் எல்லை தாண்டும்போது மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

சட்டமும் பணமும்கூட இந்த எண்ணைத் தொட்டே நடக்கின்றன. மகப்பேறு விடுப்பின் 26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைத்தான் எதிர்பார்க்கும் நாளுக்கு முன் எடுக்கலாம். வயல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்த விடுப்பே இல்லை என்பது தனிக் கதை. பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு முதல் தவணை 3,000 ரூபாய் வாங்க, கடைசி மாதவிடாயிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிவும் ஒரு பரிசோதனையும் ஆகியிருக்க வேண்டும். கருக்கலைப்புச் சட்டத்தின் 20, 24 வார எல்லைகளில் ஒரு நாள்கூட வழக்காகிறது. 2023 அக்டோபர் 16-இல் உச்ச நீதிமன்றம் 26 வாரத்தைக் கடந்துவிட்ட ஒரு பெண்ணின் மனுவை மறுத்தது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகளின் தாய். பால் கொடுக்கும் காலத்தில் மாதவிடாய் திரும்பாததால் கர்ப்பமே தெரியவில்லை என்பது அவர் தரப்பு.

கடைசி மாதவிடாய்த் தேதி என்ற கட்டத்தில் எழுத எதுவுமே இல்லாத பெண்கள் இவரைப் போன்றவர்கள். மடியில் ஆறு மாதக் குழந்தை, மாதவிடாய் இன்னும் வரவில்லை, முழுக்கே தொடங்காதவளுக்கு முழுகாமல் இருப்பது எப்படித் தெரியும்? நேகலே விதி இங்கே கைவிரித்துவிடும், பாட்டி கணக்கும் அப்படியே. இவர்களைப் பிடிக்க ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது: குழந்தைக்கு 3, 6, 9, 12, 15 மாதம் ஆகும்போது ஆசா பணியாளர் வீடு தேடி வந்து எடையும் சாப்பாடும் பார்க்கும் திட்டம். அவர் கைப்பையில் அரசு இலவசமாகத் தரும் ‘நிஷ்சய்’ கர்ப்பப் பரிசோதனை அட்டைக்கும் இடமுண்டு. குழந்தையை எடை போட்ட கையோடு தாயிடம் ‘குளி வந்துச்சா?’ என்று ஒரு கேள்வி, சந்தேகமானால் ஒரு சோதனை, அந்த வாரமே ஒரு ஸ்கேன். யோசனை சொல்வது எளிது; இதையும் சேர்த்துச் செய்யப்போகிற ஆசா பணியாளர்கள், மாதம் 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 21,000-ஆக உயர்த்தக் கேட்டு 2025 பிப்ரவரி 10 முதல் மாதக்கணக்கில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள்.